ஆறு பேர் படுக்கலாம் சரி, ஆறு பேர் உட்காரலாமா? மோட்டார்ஹோம் இருக்கையும் சீட் பெல்ட்டும்

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிப் பேச்சு ஓடும். நியூசிலாந்து தென்தீவு, கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி மோட்டார்ஹோம் எடுக்கிறோம், டெக்கபோ ஏரி, அப்படியே குயின்ஸ்டவுன். "ஆறு பெர்த் வண்டி பார்த்துட்டேன், நாமளும் ஆறு பேர், கணக்கு சரியாப் போச்சு." அடுத்து ஒருவர்: "தாத்தாவுக்கு முதுகு வலி, அவர் வழியில கட்டில்லயே படுத்துட்டு வரட்டும்." அதற்கும் அடுத்து: "அண்ணி பின்னாடி டீ போட்டுக் குடுத்துட்டே வரலாம், சமையலறைதான் இருக்கே." கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள்.

இந்த மூன்று செய்தியிலும் ஒரே தப்புதான் இருக்கிறது. மோட்டார்ஹோமை ஓடும் வீடு என்று நினைத்துக்கொள்கிறோம். நிற்கும்போது அது வீடுதான், மறுக்கவில்லை. சாவியைத் திருப்பி நகர்த்திய கணத்திலிருந்து அது வேன், அவ்வளவுதான். வேனுக்கு உள்ள எல்லா விதியும் இயற்பியலும் அதற்கும் உண்டு, உள்ளே குளிர்பெட்டி இருக்கிறது என்பதால் எதுவும் தள்ளுபடி கிடையாது. சிங்கப்பூரில் மோட்டார்ஹோம் கண்ணில் படுவதே அபூர்வம் என்பதால் நமக்கு இதில் பழக்கமும் இல்லை. வெளியூர் போய் முதல் தடவையாக ஏறும் அன்றுதான் எல்லாரும் பார்க்கிறோம், அதற்குள் பணம் கட்டி மாதக்கணக்கு ஆகியிருக்கும்.

படுக்கைக் கணக்கு வேறு, இருக்கைக் கணக்கு வேறு

பெர்த் என்றால் இரவில் ஒருவர் படுக்கும் இடம். விளம்பரத்தில் "நான்கு பெர்த்", "ஆறு பெர்த்" என்று போடுவது முழுக்க முழுக்கத் தூங்கும் கணக்கு. ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு கட்டில், பின்னால் ஒரு கட்டில், சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தை போட்டால் இன்னொரு கட்டில் என்று கூட்டிச் சொல்வார்கள்.

பயண இருக்கை என்பது வேறு. வண்டி ஓடும்போது ஒருவர் உட்காரலாம் என்று தயாரிப்பாளர் கணக்கிட்டு, சோதித்து, பெல்ட் வைத்து, பதிவு ஆவணத்தில் எண்ணிக்கையாகக் காட்டியிருக்கும் இடம் அது. உள்ளே சோபா மாதிரி எவ்வளவு பெரிய மெத்தை போட்டிருந்தாலும் இந்தக் கணக்கில் இல்லை என்றால் அது நிறுத்திய பிறகு உட்காருவதற்கான இடம் மட்டுமே. அமெரிக்க விதியில், ஓடும்போது உட்காரக் கூடாத இருக்கை என்றால் அதைத் தெளிவாகத் தெரியும்படி எழுதி ஒட்டவே வேண்டும். மற்ற இடங்களில் வாங்கிய வண்டிகளிலும் அப்படி ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

இந்த இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல வாடகை வண்டிகளில் ஒன்றாகவே இருக்கும், அதனால்தான் யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆறு படுக்கையும் நான்கு பெல்ட்டும் உள்ள வண்டிகள் உண்டு. முன்னால் இரண்டே இருக்கை மட்டும் உள்ள சின்ன கேம்பர்வேன்களில் "மூன்றாவது ஆள் பின்னால் உட்கார்ந்துக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இருக்கை எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு எடையும் ஒரு காரணம். ஐரோப்பாவில் பல மோட்டார்ஹோம்களின் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ, ஏனென்றால் சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய எல்லை அங்கே அதுதான். ஒவ்வொரு பயண இருக்கைக்கும் 75 கிலோ ஒதுக்கிக் கணக்குப் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், கட்டில், அலமாரி எல்லாம் போக மிச்சமுள்ள எடையில் எத்தனை பேர் அடங்குவார்களோ அத்தனை பெல்ட். இடம் இருந்தும் பெல்ட் இல்லாததற்கு யாருடைய கஞ்சத்தனமும் காரணம் இல்லாமல் இருக்கலாம்.

ஆகவே முன்பதிவுப் பக்கத்தில் இரண்டு எண்ணைத் தேடுங்கள்: எத்தனை பேர் தூங்கலாம், எத்தனை பேர் பெல்ட் போட்டுப் பயணிக்கலாம். குடும்பத் தலைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டியது இரண்டாவதை.

பிரேக் பிடித்தால் உடம்பு என்ன செய்கிறது

சிங்கப்பூர் நகர ரயிலான எம்ஆர்டியில் நீள இருக்கையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ரயில் நிலையத்துக்குள் நுழைந்து வேகம் குறையும்போது வரிசையில் உள்ள எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்வோம். தோள் பக்கத்தில் இருப்பவர் தோளில் லேசாகப் படும், அவர் கைப்பேசியிலிருந்து ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார். யாரும் யாரையும் தள்ளவில்லை. ரயில் நிற்கப் பார்க்கிறது, உடம்பு பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. நகர்ந்துகொண்டிருக்கும் பொருள் எதுவும் தடுக்காதவரை அப்படியே நகர்ந்துகொண்டிருக்கும் இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர்.

எம்ஆர்டியில் பெல்ட் இல்லாததற்குக் காரணம், அங்கே வேகம் மெதுவாகக் குறைவதுதான். நிலையத்தில் நிற்க ரயில் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்தச் சாய்வைக் கம்பியைப் பிடித்தே சமாளித்துவிடலாம்.

அதே உடம்பை மணிக்கு 50 கிமீ வேகத்தில் போகும் வண்டியில் வைத்துப் பாருங்கள். வண்டி மரத்தில் மோதுகிறது. முன்பகுதி நசுங்கி உள்ளே போகும் தூரம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 கிமீ என்பது விநாடிக்கு சுமார் 14 மீட்டர். அந்த வேகம் முழுவதும் 60 சென்டிமீட்டருக்குள் தீர்ந்தாக வேண்டும் என்றால், எம்ஆர்டி நிற்பதைப் போல 160 மடங்கு வேகமாகக் குறைய வேண்டும், அதாவது புவியீர்ப்பைப் போல 16 மடங்கு. விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. அந்த நேரத்துக்கு 70 கிலோ ஆளைப் பிடித்து நிறுத்த ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையைப் பிடிக்கும் பலம் தேவை. 10 கிலோ குழந்தைக்கு 160 கிலோ.

"நான் கெட்டியாப் பிடிச்சுக்குவேன்", "பாப்பாவை மடியில வச்சுக்குவேன்" என்று சொல்லும் பெரியம்மாக்களிடம் இந்த 160ஐச் சொல்லிப் பாருங்கள். அரிசி மூட்டை கணக்கு அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நம் ஊரில் டாக்சிக்குக் குழந்தை இருக்கையிலிருந்து விலக்கு இருப்பதால் மடியில் வைத்துப் போய்ப் பழகிவிட்டோம், அந்தப் பழக்கம் விமானத்தில் ஏறி நம்மோடு வருகிறது. நியூசிலாந்தில் திறந்த சாலை வேக வரம்பு பொதுவாக 100 கிமீ. வேகம் இரண்டு மடங்கானால் மோதலில் தீர்க்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு ஆகிறது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் மோட்டார்ஹோம் காரைவிட மோசம். காரில் பெல்ட் போடாதவருக்கும் முன் இருக்கைக்கும் நடுவே அரை மீட்டர்தான். மோட்டார்ஹோமில் நடைபாதை, அடுப்பு மேடை, மேசை என்று மூன்று நான்கு மீட்டர் வெட்டவெளி. வண்டி நின்ற பிறகும் டீ போட்டுக்கொண்டிருந்த அண்ணி நிற்கவில்லை. 50 கிமீ வேகத்தில் அவர் முன்னால் வந்து எதில் மோதுகிறாரோ அதுதான் அவரை நிறுத்துகிறது, அது ஓட்டிக்கொண்டிருக்கும் அண்ணனின் முதுகாகவும் இருக்கலாம். ஒருவர் பெல்ட் போடாதது பெல்ட் போட்ட மற்றவருக்கும் ஆபத்தாவது இப்படித்தான்.

படுத்திருப்பவருக்கும் இதே கதை. முன்மேல் கட்டிலில் தலை முன்பக்கமாக இருந்தால் கழுத்தோடு போய் முட்டும், கால் முன்பக்கமாக இருந்தால் அடி இன்னொரு இடத்தில், அவ்வளவே வித்தியாசம். தாத்தாவின் முதுகு வலிக்கு வழி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி அவரைக் கொஞ்சம் நடக்க வைப்பது. டெக்கபோ போகிற வழியில் நிறுத்திப் பார்க்க இடமா இல்லை?

பெல்ட் எதில் மாட்டியிருக்கிறது

பெல்ட் என்றதும் நம் கண்ணில் படுவது துணிப் பட்டை. அசல் வேலை நடப்பது கண்ணில் படாத இடத்தில்.

முதலில் பட்டையைப் பார்ப்போம். தோளிலிருந்து மார்புக்குக் குறுக்காக ஒன்று, இடுப்பில் ஒன்று, மூன்று இடத்தில் மாட்டியிருக்கும் இதுதான் மூன்று முனை பெல்ட். வோல்வோவில் வேலை பார்த்த நில்ஸ் போலின் என்ற பொறியாளர் வடிவமைத்து 1959இல் காருக்குள் வந்தது. காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ திறந்துவிட்டதால் உலகம் முழுக்க இதுவே வழக்கமாகிவிட்டது. இதன் சூட்சுமம், அந்த ஒரு டன் பலத்தை உடம்பில் தாங்கக்கூடிய எலும்புகள் மேல் பிரித்து வைப்பதுதான்: இடுப்பெலும்பு, விலா, தோள்பட்டை எலும்பு. இடுப்பில் மட்டும் கட்டும் இரண்டு முனை பெல்ட் ஆளை வண்டிக்குள்ளேயே வைத்திருக்கும், ஆனால் மேலுடம்பு மடங்கி முன்னால் போய் அடிபடும். பட்டை இடுப்பெலும்பிலிருந்து நழுவி வயிற்றுக்கு ஏறிவிட்டால் குடல், கல்லீரல் எல்லாம் பாதிக்கப்படும். பழைய மோட்டார்ஹோம்களின் பின்னிருக்கைகளில் இன்னும் இந்த இரண்டு முனை பெல்ட்டைப் பார்க்கலாம்.

இப்போது மறுமுனைக்கு வருவோம். பெல்ட்டை வண்டியோடு இணைக்கும் இடத்துக்குப் பிணைப்புப் புள்ளி என்று சொல்லலாம். இது எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு ஐநாவின் 14ஆம் எண் வாகன விதிமுறையில் சோதனை உண்டு. பயணிகள் கார் வகையில் மூன்று முனை பெல்ட் என்றால் மார்புப் பட்டையை 13,500 நியூட்டன், இடுப்புப் பட்டையை இன்னொரு 13,500 நியூட்டன் விசையில் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். ஒரே ஓர் இருக்கைக்கு இரண்டரை டன்னுக்கு மேல். பிடுங்கிக்கொண்டு வரக் கூடாது.

இரண்டரை டன்னைப் பிளைவுட் தாங்குமா? மோட்டார்ஹோமின் உள்ளே அலமாரி, பெஞ்சு, கட்டில் பெட்டி எல்லாமே எடை குறைய வேண்டும் என்பதற்காக மெல்லிய பலகையில் செய்தவை. அதன் மேல் கடையில் வாங்கிய பெல்ட்டை நட்டு போல்ட் வைத்து முறுக்கினால் பார்க்க அச்சு அசலாக இருக்கும். மோதும்போது பெல்ட், போல்ட், பலகை, ஆள் எல்லாம் ஒன்றாக முன்னால் வரும். அதனால்தான் பயண இருக்கை என்று கணக்கில் உள்ள பெஞ்சின் மெத்தையைத் தூக்கினால் உள்ளே தடித்த எஃகுச் சட்டம் தெரியும். அது தரையைத் துளைத்துக் கீழே வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். மெத்தை, துணி எல்லாம் அலங்காரம். ஆளைக் காப்பாற்றுவது அந்த எஃகு.

இது தெரிந்தால் "ஒரு பெல்ட் கூடுதலா மாட்டிட்டா அஞ்சாவது ஆளையும் ஏத்திக்கலாமே" என்ற யோசனை ஏன் ஓடாது என்பதும் புரிந்துவிடும். தனியாரிடம் நேரடியாக வாடகைக்கு எடுக்கும் வண்டிகள், தாங்களே வேனை மாற்றிக் கட்டியவர்களின் வண்டிகள் என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள். பெரிய நிறுவனங்களின் வண்டிகளில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இருக்காது, அங்கே பிரச்சினை எண்ணிக்கையில் மட்டும்தான்.

இதுவரை பார்த்தது: மோதலில் உடம்பு டன் கணக்கில் இழுக்கிறது, பட்டை அதை எலும்புக்குப் பகிர்கிறது, பிணைப்புப் புள்ளி அதை வண்டியின் எஃகுக்குக் கடத்துகிறது. மூன்றில் எது இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வீண்.

எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறோம்

மோட்டார்ஹோமில் இருக்கை மூன்று விதமாக இருக்கும். முன்னால் பார்த்தது, பின்னால் பார்த்தது, பக்கவாட்டில் பார்த்தது.

முன்னால் பார்த்த இருக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை, மூன்று முனை பெல்ட் இருந்தால் காரில் உட்காருவது போலத்தான். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம், பின்னால் பார்த்தபடி உள்ள பெஞ்சு பலருக்குப் பயத்தைக் கொடுக்கும், ஆனால் நேர் மோதலில் அது பெரியவர்களுக்கு அப்படி ஒன்றும் மோசமில்லை. இருக்கையின் முதுகு முழு உடம்பையும் தாங்கிக்கொள்ளும், முதுகும் தலை சாய்ப்பானும் உறுதியாக இருக்க வேண்டும், பெல்ட்டும் போட வேண்டும். குமட்டல் வருகிறவர்களை அங்கே உட்கார வைக்காதீர்கள், தென்தீவின் வளைவுச் சாலைகளில் அது வேறு விதமான விபத்து.

பக்கவாட்டு இருக்கைதான் சிக்கல். எம்ஆர்டி இருக்கையில் தோளோடு தோள் உரசியதே, அதை 160 மடங்காக நினைத்துப் பாருங்கள். நம் உடம்பு இடுப்பில் முன்பக்கமாக மடங்கும்படி அமைந்திருக்கிறது, பக்கவாட்டில் அப்படி மடங்காது. இடுப்பில் மட்டும் பெல்ட் கட்டியிருந்தால் இடுப்பு நிற்கும், மேலுடம்பும் தலையும் பக்கவாட்டில் வீசப்படும், முதுகெலும்பும் கழுத்தும் முறுக்கிக்கொள்ளும். தோள் பட்டை இருந்தாலோ அது கழுத்தில் போய் அறுக்கும். பெல்ட்டே பக்கவாட்டு இருக்கைக்காக வடிவமைத்தது அல்ல என்றும், சில சமயம் காயத்தைக் கூட்டவும் கூடும் என்றும் பிரிட்டிஷ் அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டு உத்தரவு ஒன்றின் மூலம் புதிய கார் வகை வண்டிகளில் பக்கவாட்டு இருக்கைகளைத் தடை செய்தது. மோட்டார்ஹோமும் அதில் அடங்கும்.

நமக்கும் இது புதிதல்ல. ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போன சின்ன வேன்களில் இரண்டு பக்கமும் நீள பெஞ்சு, நடுவில் பைகள், முட்டியோடு முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து போனவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். பிறகு அவை முன்னால் பார்த்த இருக்கைக்கும் பெல்ட்டுக்கும் மாறின. காரணம் மேலே சொன்னதேதான்.

ஆனால் புதிய விதிகள் பழைய வண்டிகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அந்தக் காலத்துப் பழைய மோட்டார்ஹோமில் பக்கவாட்டு இருக்கையில் பெல்ட் இருக்கலாம், சட்டப்படி உட்காரவும் முடியலாம். நானாக இருந்தால் அந்த இருக்கையை எண்ணிக்கையிலேயே சேர்க்க மாட்டேன், வேறு வண்டி பார்ப்பேன்.

இன்னொன்று, சுழலும் முன்னிருக்கை. வண்டியை நிறுத்திய பிறகு ஓட்டுநர் இருக்கையையும் பக்கத்து இருக்கையையும் திருப்பி மேசைப் பக்கம் வைத்துக்கொள்ளலாம், ரொம்ப வசதி. கிளம்பும் முன் முன்பக்கம் திருப்பி, பூட்டு விழுந்த சத்தம் கேட்டதா என்று அசைத்துப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளோடு போனால்

நம் ஊரில் 1.35 மீட்டருக்குக் கீழே உள்ளவருக்கு ஏற்ற குழந்தை இருக்கையோ உயர்த்தும் இருக்கையோ வேண்டும். உயர்த்தும் இருக்கை என்பது பிள்ளையை மேலே தூக்கி வைத்து, பெல்ட் கழுத்திலும் வயிற்றிலும் படாமல் தோள் எலும்பிலும் இடுப்பெலும்பிலும் படும்படி செய்வது. அவ்வளவுதான் அதன் வேலை. அதனாலேயே இடுப்புப் பட்டை மட்டும் உள்ள இருக்கையில் அதை வைத்துப் பயனில்லை.

சிங்கப்பூர் உயரத்தைப் பார்க்கிறது, நியூசிலாந்து வயதைப் பார்க்கிறது. அங்கே 7 வயது ஆகாத எல்லாருக்கும் குழந்தை இருக்கை கட்டாயம். 7 வயதுப் பிள்ளைக்கு வண்டியில் இருந்தால் பயன்படுத்தியாக வேண்டும். அதற்கு மேல் சட்டம் சாதாரண பெல்ட்டோடு விட்டுவிடுகிறது, ஆனால் 148 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை உயர்த்தும் இருக்கையே நல்லது என்பது அந்த நாட்டு அரசின் பரிந்துரை. எட்டு வயதுப் பையன் இங்கே சட்டப்படி உயர்த்தும் இருக்கையில் உட்கார்ந்துவிட்டு அங்கே போய் "எனக்கு வேண்டாம், இங்க ரூல் இல்ல" என்று சட்டம் பேசலாம். பேச விடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் ஒரு பொறி இருக்கிறது, பல குடும்பங்கள் அதில் சிக்குகின்றன. இங்கே நாம் வாங்கும் குழந்தை இருக்கைகள் பெரும்பாலும் ஐரோப்பியத் தர முத்திரை உள்ளவை. நியூசிலாந்து அதை ஏற்கும். ஆஸ்திரேலியா ஏற்காது, அங்கே ஏஎஸ்/என்இசட்எஸ் 1754 என்ற அவர்கள் தர முத்திரை இருந்தாக வேண்டும். விமானத்தில் தூக்கிச் சுமந்து போன விலை உயர்ந்த இருக்கை பெர்த் நகர விமான நிலையத்திலேயே வெறும் சாமான் ஆகிவிடும். அங்கே எடுத்தால் அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

அப்புறம், குழந்தை இருக்கையை மோட்டார்ஹோமில் எங்கே மாட்டுவது? பக்கவாட்டு இருக்கையில் ஒருபோதும் கூடாது. பின்னால் பார்த்த பெஞ்சிலும் கூடாது, குழந்தை இருக்கைகள் வண்டியின் முன்னால் பார்த்த இருக்கையில் மாட்டுவதற்காகவே செய்யப்படுகின்றன. முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் என்றால் காற்றுப்பை இருக்கிறது, பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை இருக்கையை இயங்கும் காற்றுப்பைக்கு முன்னால் வைப்பது பெரிய ஆபத்து. இதையெல்லாம் கழித்தால் மிச்சம் இருப்பது மேசைக்குப் பின்னால் முன்னோக்கிய பெஞ்சின் இரண்டு இடம் மட்டுமே. சில இருக்கைகளுக்கு மேல்பட்டையைப் பின்னால் கொக்கியில் மாட்ட வேண்டும், ஆஸ்திரேலிய இருக்கைகளில் அது முக்கியம். அந்தக் கொக்கி காரில் இருக்கும், மோட்டார்ஹோமில் இருக்கிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐசோஃபிக்ஸ் என்ற இரும்புக் கொக்கி வசதியும் அப்படியே. இரண்டுக்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பம் பணம் கட்டும் முன் இந்த ஒரு கேள்விக்காகவே மின்னஞ்சல் அனுப்புவது நல்லது: எந்தெந்த இருக்கையில் குழந்தை இருக்கை மாட்டலாம்?

சட்டம் யாரைப் பிடிக்கும்

நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான்: பெல்ட் இருந்தால் போட்டாக வேண்டும். சின்னவர்களுக்கு ஓட்டுநர் பொறுப்பு. நியூசிலாந்தில் 15 வயதுக்குக் கீழே, ஆஸ்திரேலியாவில் 16க்குக் கீழே. பின்னால் நடந்ததைப் பார்க்கவில்லை என்று ஓட்டுநர் சொல்ல முடியாது. இழுத்துச் செல்லும் கேரவனுக்குள் ஆள் இருக்கும்போது ஓட்டுவது பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சட்டவிரோதம்.

வண்டியைக் கையில் வாங்கும்போது

வாடகை நிலையத்தில் ஒருவர் வந்து கழிவறைத் தொட்டியை எப்படிக் காலி செய்வது என்று பத்து நிமிடம் விளக்குவார். பெல்ட்டைப் பற்றி ஒரு வரி சொல்வார், சில சமயம் அதுவும் இல்லை. நீங்களே பார்த்துவிடுங்கள்.

மேசைப் பெஞ்சு இரவில் கட்டிலாகவும் மாறுவதால், முன்பு எடுத்தவர்கள் மெத்தையை மாற்றிப் போட்டிருப்பார்கள். பெல்ட்டின் கொக்கி மெத்தைக்கு அடியில் எங்கோ போய் ஒளிந்திருக்கும். மெத்தைத் துணியில் கொக்கி வெளியே வருவதற்கென்று ஒரு வெட்டு இருக்கும், மெத்தையைத் திருப்பிப் போட்டால் அந்த வெட்டு சுவர்ப் பக்கம் போய்விடும். எல்லா மெத்தையையும் தூக்கி, அடியில் எஃகுச் சட்டம் இருக்கிறதா பார்த்து, கொக்கிகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் மாட்டிப் பாருங்கள். குடும்பத்தில் எல்லாரையும் அவரவர் இடத்தில் உட்கார வைத்து "கிளிக்" சத்தம் கேட்கும்வரை வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. பிறகு பட்டையைச் சட்டென்று வேகமாக இழுங்கள். வெடுக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். மெதுவாக இழுத்தால் வரும், வேகமாக இழுத்தால் நிற்கும், அப்படி நிற்காவிட்டால் பட்டையைச் சுருட்டிப் பூட்டும் சுருள் பழுது, அங்கேயே சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

மேசையை என்ன செய்வது என்பதையும் கேளுங்கள். சில வண்டிகளில் ஓடும்போது அதைக் கழற்றி வைக்க வேண்டும், வயிற்றுக்கு நேராகப் பலகை விளிம்பு இருப்பது நல்லதில்லை.

கடைசியாக சாமான். சிங்கப்பூரிலிருந்து ரைஸ் குக்கர் எடுத்துப் போகாத தமிழ்க் குடும்பம் உண்டா? நான்கு கிலோ குக்கர், 16 மடங்கு என்றால் 64 கிலோ, அது மேடையில் சும்மா உட்கார்ந்திருந்தால் முன்னால் வருவது அதுவும்தான். கீழ் அலமாரியில் வைத்துக் கதவுத் தாழ்ப்பாள் போடுங்கள். மேல் அலமாரியில் துணி, ரொட்டி மாதிரி லேசானவை மட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஆட்கள் இருக்கைகளைவிட அதிகம் என்றால், ஒரு மோட்டார்ஹோமும் ஒரு காரும் எடுத்துவிடுங்கள். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் தாத்தா பாட்டிக்குக் காரில் இருக்கை சாய்த்துக்கொள்ள வசதி, கடைக்கு ஓட வேண்டுமென்றால் முழு வீட்டையும் கிளப்ப வேண்டாம், ஓட்டுநர் உரிமம் உள்ள இன்னொருவர் இருக்கிறாரா என்பதை மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.